கொலின்ஸ் அண்ணையின் படகுக் கோப்பு

மன்னாரில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி அடிப்பேன், தட்டச்சுச் செய்வேன், படிவம் நிரப்புவேன், கேட்டால் ஆங்கிலத்தில் கடிதமும் எழுதுவேன். பத்தொன்பது வருடமாக இதே தொழில். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. நானாட்டான் வயல்காட்டில் வளர்ந்த குரல். மெதுவாகப் பேசினாலே ரோட்டுக்குக் கேட்கும். கந்தோரில் "நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பியதாக ஆட்கள் வந்து சொன்னால், அவர்களைவிட எனக்குத்தான் முதலில் கோபம் வரும். அந்தக் கோபத்தால் பல பேருக்குக் காரியம் நடந்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் அதனால் நான் செய்தது நல்லதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

பேசாலை மீனவர் அமிர்தநாயகம் கொலின்ஸ் 2021ஆம் ஆண்டுக் கடைசியில் கடைக்கு வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். கறுத்து மெலிந்து, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிய மனிதர். மீன் போட்டு அனுப்புகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். மீன் தரப்போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் சந்தோசப்பட்டேன். மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்கக் கடுதாசி.

"தங்கச்சி, என்னட்ட ஒரு பழைய பாய்ப்படகு இருக்கு. யொட் எண்டு சொல்லுவினம். அதில இந்தியாவுக்குப் போறதெண்டால் என்னென்ன பேப்பர் வேணும்?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. பிளேனில ஏறினால் ஒரு மணித்தியாலம்."

"நான் போற இடத்துக்குப் பிளேன் இல்லை," என்றார்.

பிறகுதான் விசயத்தைச் சொன்னார். 2007இல் சண்டை இறுகியபோது அவரும் மனைவி றொசானாவும் பிறந்து முப்பத்தாறு நாளான பெண் குழந்தையோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறியிருக்கிறார்கள். ஓட்டி அவர்களை விடியப்புறம் ஒரு தீடையில் இறக்கினான். தீடை என்றால் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கடலில் கிடக்கிற மணல் திட்டு. "இது இந்தியாதான், கொஞ்ச நேரத்தில நேவி வந்து ஏத்தும்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் போய்விட்டான். மரமில்லை, நிழலில்லை, கொண்டுபோன தண்ணீர் அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. நேவி வந்தது மறுநாள் பின்னேரம். அதற்குள் றொசானாவுக்குப் பால் வற்றிவிட்டது. மறுநாள் காலையில் குழந்தை அழுவதை நிறுத்தியது.

பேசாலையில் ஊரடங்குக்குள் வீட்டில் பிறந்த பிள்ளை அது. பிறப்பைப் பதியவில்லை. கோயிலில் ஞானஸ்நானமும் கொடுக்கவில்லை. குருவானவர் இல்லாத இடத்தில், ஆபத்தான நேரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லலாம் என்பது அவர்களுடைய வேதத்தில் உள்ள வழக்கம். கொலின்ஸ் அண்ணை கடல் தண்ணீரைக் கையில் அள்ளி, பிள்ளையின் தலையில் விட்டு, அன்ரோனெற் என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு மணித்தியாலம் அந்தப் பெயரோடு இருந்தாளாம். பிறகு கையாலேயே மணலைத் தோண்டிப் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. மண்டபம் முகாமில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். நவம்பர் இரண்டாம் திகதி இறந்தவர்களின் திருநாளுக்குப் பேசாலை முழுக்க ஊர்க் கல்லறையான சேமக்காலையில் மெழுகுதிரியும் பூவுமாக நிற்கும். றொசானா அங்கே போவதில்லை. கடற்கரைக்குப் போய், தீடை இருக்கிற திசையைப் பார்த்துத் திரியைக் கொளுத்துவார். காற்று அணைக்கும். திரும்பக் கொளுத்துவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், ஒரு தடவையாவது அவரை அந்த இடத்துக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று கொலின்ஸ் அண்ணை முடிவெடுத்தார்.

"தீடை இடம் மாறும் அண்ணை. பதினாலு வருசம். அந்த மண் இப்ப எங்கை கிடக்குதோ?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"எனக்குத் தெரியாதோ தங்கச்சி? நான் கடல்காரன். அவவுக்கும் தெரியும். கிட்டப் போய் ஒரு பூவை விட்டாக் காணும்."

மீன்பிடி வள்ளம் எல்லை தாண்ட முடியாது, தாண்டினால் சிறை. கஞ்சா ஏற்றுகிற ஒருவன் சும்மாவே கூட்டிப் போவதாகச் சொன்னானாம். இவர் மறுத்துவிட்டார். "சின்ன வயசில போய் வந்ததோட அந்தக் கடலை மூண்டு தரம் தாண்டினனான். மூண்டு தரமும் கள்ளன் மாதிரி, வேற பேரில. மகளிட்டயும் களவாப் போக ஏலாது. இந்தக் கோப்பில ஒரு பொய்யும் இருக்கக்கூடாது தங்கச்சி" என்றார். மீன்பிடி வள்ளத்துக்கு இல்லாத வழி உல்லாசப் படகுக்கு உண்டு, உரிய பத்திரங்கள் இருந்தால் ஒரு நாட்டுத் துறைமுகத்தில் வெளியேறி இன்னொரு நாட்டுத் துறைமுகத்துக்குப் போகலாம் என்று கடற்படையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் படகும் கிடைத்திருந்தது.

பீற்றர் என்ற கிழட்டு வெள்ளைக்காரர் 2020இல் தனியாகப் பாய்ப்படகில் வந்து, இயந்திரம் நின்று பேசாலைக்கு அப்பால் தத்தளித்தபோது கொலின்ஸ் அண்ணைதான் கட்டி இழுத்து வந்தார். வந்ததும் கொரோனாவுக்கு ஊரைப் பூட்டிவிட்டார்கள். எட்டு மாதம் அவர் இவர்கள் வீட்டில் சோறும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போகும்போது, இனித் தன்னால் கடலோட முடியாது என்று படகை இவர் பெயருக்கு எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். இருபத்தாறு அடிப் படகு. 1971இல் கட்டியது, என்னைவிட மூத்தது.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் நானும் அவரும் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு கோப்பு வேண்டும். முதலில் இங்கிலாந்தில் இருந்த பதிவை நீக்கியதற்கு அத்தாட்சி வேண்டும். நாங்கள் கடிதம் எழுதி, பதில் வருவதற்குள் பீற்றர் செத்துப்போனார். அவருடைய மகள் நல்லவள். அலைந்து அந்தப் பத்திரத்தை எடுத்து அனுப்பினாள். பிறகு படகைக் கட்டியது யார் என்று நிறுவ வேண்டும். கட்டிய பட்டறை மூடி முப்பது வருடம். காப்புறுதிக்குப் போனால் ஐம்பது வயதுப் படகா என்று சிரித்தார்கள். நானும் விடவில்லை, ஆறாவது கம்பனி ஒத்துக்கொண்டது. வானொலிக் கருவிக்கு உரிமம். முப்பத்தைந்து வருடம் கடலில் கிடந்த மனிதனுக்குப் படகோட்டத் தெரியும் என்பதற்குக் கொழும்பில் பரீட்சை. கொலின்ஸ் அண்ணை ஆங்கிலச் சொற்களை எழுதிய துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். முதல் தடவை பெயில். இரண்டாம் தடவை பாஸ். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே மீன் கொண்டுவந்தார், நல்ல விளைமீன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு கதவு. கொழும்பில் வெளியேறுகிற முத்திரை, தூத்துக்குடியில் உள்நுழைகிற முத்திரை, நடுவில் தீடைகளுக்குத் தெற்கால் போவதற்கு அனுமதி. "தீடைப் பக்கம் ஏன் போகிறீர்கள்" என்று கேட்டால் காற்று அப்படித் தள்ளியது என்று எழுதலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினோம். இறங்கக்கூடாது, நங்கூரம் போடக்கூடாது, பகலில் கடந்து போகலாம் என்று பதில் வந்தபோது எனக்கே கண் கலங்கியது.

படகில் போகிறவர்களின் பட்டியல் நிரப்பிய நாள் ஞாபகம் இருக்கிறது. கொலின்ஸ், தலைவர். றொசானாவுக்கு நேரே பதவி என்ன என்று கேட்டேன்.

"தாய் எண்டு போடுங்கோ."

"அண்ணை, இதில மாலுமி, சமையல்காரர், பயணி, இவ்வளவும்தான் போடலாம்."

"அப்ப மாலுமி எண்டு போடுங்கோ. சும்மா வாறவ இல்லை அவ" என்றார்.

இனி மிச்சம் படகை இங்கே பதிவது ஒன்றுதான். அதற்கு முன் கப்பல் அளவையாளர் வந்து, இதுதான் அந்தப் படகு என்று பார்த்து எழுதவேண்டும். 2024 மாசியில் கொழும்பிலிருந்து றிஷாட் என்பவர் வந்தார். சொந்த ஊர் சிலாவத்துறை, தமிழ் பேசுகிறவர் என்றபடியால் எனக்குப் பாதிக் கவலை போனது. கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் பேசாலைக்குப் போனேன். அன்றைக்குத்தான் படகை முதன்முதல் பார்த்தேன்.

றொசானா அக்காவையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன உருவம், நரைத்த தலை, பற்கள் தெரியச் சிரிப்பு. எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, படகை அந்த மனிதருக்குத் தானே காட்டினார். உள்ளே ஒரு சொட்டு அழுக்கில்லை. பலகை எல்லாம் அரத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி மினுங்கியது. மூன்று வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் அதற்குள்தான் இருந்தாராம்.

றிஷாட் குனிந்து, மேல்தட்டைத் தாங்குகிற நடுக் குறுக்குமரத்தில் விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்தார். திரும்பவும் மரத்தைப் பார்த்தார்.

"இதில இலக்கம் இருக்கணுமே?"

இங்கிலாந்தில் பதிந்த பழைய படகுகளுக்கு, பதிவிலக்கத்தை நடுக் குறுக்குமரத்தில் உளியால் வெட்டிவிடுவார்களாம். பெயர் மாறலாம், நிறம் மாறலாம், இயந்திரம் மாறலாம். மரத்தில் வெட்டிய இலக்கம்தான் படகின் கைரேகை. எங்கள் மரத்தில் இலக்கம் இல்லை. அந்த இடத்தில் அழகான எழுத்தில் 'அன்ரோனெற்' என்று வெட்டியிருந்தது.

"அது பழைய ஆளிட நம்பர் தம்பி. நான்தான் சீவினனான்," என்று றொசானா அக்கா பெருமையாகச் சொன்னார். "அதுக்குப் பிறகு இவர் பிள்ளையிட பேரை வெட்டினவர்."

கரையில் அது வழக்கம். பழைய வள்ளம் வாங்கினால் முன்னவனின் பேரையும் இலக்கத்தையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் குருவானவரைக் கூப்பிட்டு மந்திரிப்பார்கள். முன்னவன் பட்ட பாடு புதியவனோடு கடலுக்கு வரக்கூடாது. மீன்பிடி வள்ளத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, கந்தோரில் புது இலக்கம் தருவார்கள். வெள்ளைக்காரன் படகுக்கு அந்த இலக்கம்தான் உயிர் என்று பேசாலையில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். படிவத்தில் 'இலக்கம் மரத்தில் வெட்டப்பட்டுள்ளதா' என்று ஒரு கேள்வி இருந்தது. பழைய பத்திரத்தைப் பார்த்து, கொலின்ஸ் அண்ணையைக் கேட்காமலே, 'ஆம்' என்று போட்டவள் நான். ஒரு பொய்யும் இருக்கக்கூடாது என்று அந்த மனிதர் கெஞ்சிய கோப்பில் இருந்த ஒரே பொய் என்னுடையது.

றிஷாட் நல்ல மனிதர். வெளியே வந்து கொலின்ஸ் அண்ணையிடம் தணிந்த குரலில், "நான் கண்டதைத்தான் எழுத ஏலும்" என்றார். எழுதினார். சித்திரை முடிவில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. முந்திய இலக்கம் அகற்றப்பட்டு அந்த இடத்தில் வேறு பெயர் வெட்டப்பட்டுள்ளது, பத்திரங்களில் சொல்லப்பட்ட படகு இதுதான் என்பதற்கு ஆதாரமில்லை, பதிய முடியாது. மேன்முறையீடு எழுதினேன். இலக்கம் மரத்தில் இருந்ததற்குப் படம் கேட்டார்கள். பீற்றரின் மகளிடமும் படம் இல்லை. மேன்முறையீட்டையும் தள்ளிக் கடிதம் வந்தது.

கொலின்ஸ் அண்ணை கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவவுக்குச் சொல்லாதேங்கோ தங்கச்சி. தான் சீவினதாலதான் எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டா. இந்தியா விசா தரேல்லை எண்டு சொல்லப்போறன்."

பொய்யே வேண்டாம் என்ற மனிதர் தன் வாழ்க்கையில் மனைவிக்குச் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கவேண்டும். நானும் தலையாட்டினேன்.

ஆனால் றொசானா அக்கா விசாவோடு விடுகிற ஆள் இல்லை. ஆனி மாதம் தானே பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். புதுப் படம் எடுத்திருந்தார், விசாவுக்குத் திரும்பப் போடச் சொன்னார். சாக்குச் சொல்லி அனுப்பினேன். மற்றக் கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமை பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளால் கடை நிரம்பி, மெசினில் பேப்பர் சிக்கி, கரண்ட் போய் வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் திரும்பவும் வந்தார். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் சரியா எழுதேல்லைப் போல தங்கச்சி. வேற ஆளிட்டக் குடுத்துப் பார்ப்பமோ?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. நான் செய்த பிழை நெஞ்சுக்குள் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி இன்னொருவர் தலையில் போட்டுவிட ஒரு நொடிதான் எடுத்தது.

"விசாவும் இல்லை ஒண்டும் இல்லை அக்கா! அந்த மரத்தில இருந்த நம்பரை ஆர் சீவினது? அதால வந்த வினைதான் எல்லாம்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும். நான் கெடுத்தது வேறொருத்தியை. கடையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மேசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "என்ன நம்பர்?" என்று கேட்டார். பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். "இதில ஒரு கொப்பி தாங்கோ" என்றார். வெட்கத்தில், ஏன் என்று கேட்காமல் அடித்துக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் கழித்து, கடை திறந்த கையோடு வந்துவிட்டார். கொலின்ஸ் அண்ணை தொழிலுக்குப் போயிருந்தாராம். அவருக்கு இன்னும் சொல்லவில்லையாம். இடது கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. போனை எடுத்துப் படம் காட்டினார். நடுக் குறுக்குமரம். அதில் ஆறு இலக்கங்கள். ஒவ்வொன்றும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், பத்திரத்தில் உள்ளது உள்ளபடி.

"வடிவா வந்திருக்கு என்ன? இப்ப சரிதானே தங்கச்சி? அந்தத் தம்பியை ஒருக்கா வரச் சொல்லுங்கோ."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதிதாகச் சீவிய மரம் வெள்ளையாக இருந்தது. வேறு எழுத்து ஒன்றும் இல்லை.

"அக்கா, பிள்ளையிட பேர்?"

"அந்த இடத்திலதானே நம்பர் இருந்தது. சீவிப்போட்டன்." சிரிக்கப் பார்த்தார். "அவ கோவிக்கமாட்டா. அவவிட்டத்தானே போறம்."

இந்தத் தடவை நான் கத்தவில்லை. மெசினை நிறுத்தி, கதவைச் சாத்தி, பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பில் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், இலக்கம் இல்லாததைப் பார்த்துவிட்டார்கள், இனி எப்படி வெட்டினாலும் அது புதிதாக வெட்டியதுதான் என்று சொன்னேன். படிவத்தில் பிழை விட்டது நான் என்றும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கியதா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு போனில் இருந்த அந்தப் படத்தை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார், அதற்கு அடுத்த படம் ஏதாவது இருக்கும் என்பதுபோல.

"பேர் இருக்கேக்க ஒரு போட்டோ எடுக்கேல்லைத் தங்கச்சி," என்றார். "எப்பவும் கண்ணுக்கு முன்னால இருந்தது. எடுக்க வேணும் எண்டு நினைக்கேல்லை."

அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை.

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவட பேரை ஒருக்கா அடிச்சுத் தருவீங்களே?" என்று கேட்டார்.

கணினியைப் போட்டேன். வேறு எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது. படிவம் நிரப்புகிற மாதிரித்தான் கேட்டேன். முழுப் பெயர்: கொலின்ஸ் அன்ரோனெற். பிறந்த திகதி சொன்னார். பிறந்த இடம், பேசாலை. தகப்பன் பெயர், தாய் பெயர். ஞானஸ்நானம் கொடுத்தவர், தகப்பன். இறந்த திகதி சொன்னார். இறந்த இடம் என்று கேட்டபோது, "தீடை எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன். அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"இதுக்கு ஒரு முத்திரை அடிக்க ஏலாதோ தங்கச்சி?"

என்னிடம் இருந்தது கடைச் சீல் ஒன்றுதான். அதை எடுத்து, மையில் நன்றாக அழுத்தி, பெயருக்குக் கீழே அடித்துக் கொடுத்தேன்.